நீ எந்தப் பக்கம்?

இறுதியாட்டம் ஒன்று நெருங்கும்போதெல்லாம் மட்டக்களப்பில் இரண்டு காய்ச்சல்கள் பரவுகின்றன. முதலாவது உலகம் முழுவதும் உள்ள கிரிக்கெட் ரசிகர்களுக்கு வருவது. அதற்கு மருந்து தேவையில்லை, ஆட்டம் முடிந்ததும் தானாக இறங்கிவிடும். இரண்டாவது ஒரு கேள்வி. “நீ எந்தப் பக்கம்?” என்று தொடங்கி, “அப்படியென்றால் நீ யார்?” என்று முடியும் கேள்வி. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். கொழும்பிலிருந்து கேட்பார்கள், சென்னையிலிருந்து கேட்பார்கள், இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கேட்பார்கள். அவர்கள் எதிர்பார்க்கும் பதில்கள் வேறு வேறு. கேட்கும் தோரணை மட்டும் ஒன்றுதான்: விசாரணை அதிகாரியின் தோரணை.

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று எழுத உத்தேசித்திருக்கிறேன். சற்றுக் கடுமையாகவே எழுதப் போகிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

2011ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி வாரத்தை நினைவூட்டுகிறேன். மார்ச் 29ஆந் திகதி கொழும்பில் நியூசிலாந்தை வென்று இலங்கை உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போனது. மறுநாள் மொகாலியில் பாகிஸ்தானை வென்று இந்தியாவும் போனது. ஏப்ரல் 2ஆந் திகதி மும்பை வான்கடே மைதானத்தில் இறுதியாட்டம். இடையில் இரண்டே நாட்கள். அந்த இரண்டு நாட்களில் எங்கள் பிரதேசம் எப்படி இருந்தது என்பதை வெளியே இருப்பவர்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து இரண்டு பெருவெள்ளங்கள். வாவியும் வயலும் ஒன்றாகிப் போயிருந்தன. படுவான்கரையில் பெரும்போக வெள்ளாண்மை அறுவடைக்கு முன்பே அழுகிப் போனது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வீடு இல்லாத ஒருவரின் படம் சுவரில் தொங்கியது. அப்படிப்பட்ட ஓர் ஊரில், தேநீர்க் கடைகளில் தொலைக்காட்சிப் பெட்டியை வாசலை நோக்கித் திருப்பி வைத்தார்கள். கோழிப் புரியாணிக்குப் பந்தயம் கட்டினார்கள். கல்லடிப் பழைய பாலத்தில் (இரண்டு வாகனங்கள் ஒருங்கே செல்ல முடியாத அந்தக் குறுகிய பாலத்தில்) முறைக்காகக் காத்து நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதிகள், மாலிங்கவின் யோர்க்கரை சேவாக் எப்படி எதிர்கொள்வார் என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலோ மத்தியூஸ் காயமடைந்துவிட்டார் என்ற செய்தி வந்த அன்று உண்மையாகவே துக்கம் விசாரித்தவர்களை நான் அறிவேன். முரளிதரன் ஆடுவாரா, கால் தாங்குமா என்பது அடுத்த கவலை. கொழும்பில் தனது கடைசிப் பந்தில் ஸ்டைரிஸை வீழ்த்திவிட்டு வந்தவர், சர்வதேச ஆட்டத்தின் கடைசி நாளில் டெண்டுல்கருக்குப் பந்து வீசப் போகிறார். இதைவிட வேறென்ன வேண்டும்?

இதே கடைகளில் இந்திய அணியின் அபிமானிகளும் இருந்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள் குறைவானவர்கள் அல்லர். ஒரே வீட்டில் தகப்பன் இந்தியா, மகன் இலங்கை. சில வீடுகளில் நேர்மாறு. எவரும் எவரையும் துரோகி என்று அழைக்கவில்லை.

அழைத்தவர்கள் தொலைவில் இருந்தார்கள். அந்த நாட்களில் பத்திரிகை அலுவலகத்தில் என் மேசைக்கு வந்த மின்னஞ்சல்களில் இரண்டு வகை இருந்தன. ஒரு வகை, வெளிநாடுகளில் வாழும் எங்கள் சகோதரர்களுடையது: “முள்ளிவாய்க்காலுக்குப் பிறகும் அந்தச் சிங்கக் கொடிக்குக் கை தட்டுகிறீர்களா?” மற்றையது தென்னிலங்கையிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது: “போரில் காப்பாற்றிய நாட்டுக்கு நன்றியில்லாமல் இந்தியாவுக்குக் கை தட்டுகிறீர்களாமே?” ஒரே ஊரைப் பற்றி, ஒரே வாரத்தில், இரண்டு குற்றப்பத்திரிகைகள்! ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு குற்றச்சாட்டுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன என்பதுதான் வேடிக்கை. எங்கள் ஊர் இரண்டு பக்கமும் கை தட்டியது.

முதலில் வெளிநாட்டுச் சகோதரர்களிடம் பேசுகிறேன். இந்தக் கேள்விக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1990 ஏப்ரலில் பிரித்தானியப் பழமைவாதக் கட்சியின் அரசியல்வாதி நோர்மன் டெபிற், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், குடியேறிய ஆசிய மக்கள் எந்த நாட்டுக் கிரிக்கெட் அணியை உற்சாகப்படுத்துகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களுடைய விசுவாசத்தை அளக்கலாம் என்ற கருத்தைச் சொன்னார். ‘கிரிக்கெட் பரீட்சை’ என்று அது பெயர் பெற்றது. இலண்டன் புறநகர்களில் அப்போது அகதிகளாக வந்திறங்கிக்கொண்டிருந்த எங்கள் மக்களையும் சேர்த்துத்தான் அந்தச் சொல் அவமதித்தது. வந்தேறிகளின் மனத்தை மைதானத்தில் வைத்துச் சோதிக்க உனக்கு என்ன உரிமை என்று அன்று நியாயமாகக் கோபப்பட்டவர்கள், அதே பரீட்சைத் தாளை மட்டக்களப்புக்கு அனுப்பி வைப்பது எந்த வகை நியாயம்?

தமிழ் உணர்வு உள்ளவன் இந்தியாவைத்தான் ஆதரிக்க வேண்டும் என்று ஒரு வாதம். கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். 2011 ஏப்ரல் 2ஆந் திகதி வான்கடேயில் களமிறங்கிய இந்தியப் பதினொருவரில் தமிழர் ஒருவரும் இல்லை. அஸ்வின் குழாமில் இருந்தார், ஆடவில்லை. அன்று அந்தப் புல்தரையில் நின்ற ஒரே தமிழர் இலங்கையின் நீலச் சட்டை அணிந்த முரளிதரன்தான். ஆகவே மொழியுணர்வைக் கொண்டு அளந்தாலும் கணக்குச் சரிவரவில்லை.

அயல்நாட்டுப் பாசம் என்று வைத்துக்கொண்டால் அதன் கதை இன்னும் சிக்கலானது. 1983 ஜூன் 25ஆந் திகதி லோர்ட்ஸ் மைதானத்தில் கபில் தேவ் கிண்ணத்தை உயர்த்தியதை வானொலியில் கேட்டுக் குதித்த மட்டக்களப்புச் சிறுவர்களில் நானும் ஒருவன். அதிலிருந்து சரியாக நான்கு வாரங்களில், ஜூலை 23ஆந் திகதி இரவு, கறுப்பு ஜூலை தொடங்கியது. அந்த ஆண்டில் எங்கள் தலைமுறைக்கு இந்திய அணி மீது உண்டான பற்று வெறும் விளையாட்டுப் பற்று அல்ல. பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்ப்பார் என்ற நம்பிக்கையும் அதில் கலந்திருந்தது. பெரியவர் வந்தார். 1987 ஒக்ரோபர் 8ஆந் திகதி இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அடுத்த உலகக் கிண்ணப் போட்டிகள் தொடங்கின. தொடங்கி நான்கு நாட்கள் ஆவதற்குள் இந்திய அமைதிப்படை வடக்கில் போரைத் தொடங்கிவிட்டது. கவாஸ்கர் ஆடிக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். நவம்பரில் பம்பாய் அரையிறுதியாட்டத்தில் இங்கிலாந்திடம் இந்தியா தோற்றபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியாத இளைஞர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அழுதவர்களும் உண்டு. அவர்களுக்கு அமைதிப்படை வேறு, ஸ்ரீகாந்தின் துடுப்பு வேறு. இந்தப் பகுத்தறிவு பதினாறு வயதுப் பையனுக்கு இருந்தது. ஐம்பது வயது இணையப் போராளிகளுக்கு இல்லை.

தமிழகத்து நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. 2013 மார்ச்சில், அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, இலங்கை வீரர்கள் சென்னையில் ஐபிஎல் ஆட்டங்களில் ஆடக் கூடாது என்று முடிவாயிற்று. தமிழர்களுக்காக எடுக்கப்பட்ட அந்த முடிவினால் சேப்பாக்கத்தில் கால் வைக்க முடியாமற் போனவர்களில் முரளிதரனும் ஒருவர்! 2008 முதல் 2010 வரை சென்னை அணிக்காகவே பந்து வீசியவர், சென்னையில் பெண் எடுத்தவர். பின்னர் 2020இல் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ திரைப்படத்தில் விஜய் சேதுபதி நடிக்கக் கூடாது என்று எழுந்த எதிர்ப்பையும் அறிவீர்கள். அவர் விலகினார், படம் வேறொரு நடிகரைக் கொண்டு 2023இல் வெளிவந்தது. முரளிதரனின் அரசியற் பேச்சுகளில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரைப் பற்றி அவர் சொன்னதாக வந்தவை எங்கள் பகுதியில் பலரைப் புண்படுத்தின, நியாயமாகவே புண்படுத்தின. அதை எதிர்த்து எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் அவருடைய தூஸ்ராவைக் கண்டு வாய் பிளந்த ஒரு பையனிடம் போய், நீ உன் இனத்தை விற்றுவிட்டாய் என்று சொல்வது அரசியல் ஆகாது. அந்தத் தாய்மாருடைய வீட்டுப் பிள்ளைகளே அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள் என்பதை நான் கண்ணால் கண்டவன்.

உங்கள் துயரம் பொய்யென்று நான் சொல்லவில்லை. அந்தத் துயரத்தின் வாடகையை இங்கே இருப்பவன் மட்டும் செலுத்த வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதைத்தான் சொல்கிறேன். அவன் இங்கே வாழ்கிறான். அவனுடைய மகன் இங்கே பள்ளிக்கூடம் போகிறான்.

இனி கொழும்பு. நன்றியைப் பற்றிப் பேசியவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்ட விரும்புகிறேன். இலங்கை 1981இல் டெஸ்ட் அந்தஸ்துப் பெற்றது. அன்றிலிருந்து கொழும்பில் பல மைதானங்களில், கண்டியில், காலியில், மொரட்டுவையில், தம்புள்ளையில், பல்லேகலையில் சர்வதேச ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2011 உலகக் கிண்ணத்துக்கென்று அம்பாந்தோட்டையில் சூரியவெவக் காட்டுக்குள் ஒரு பெரும் மைதானத்தைக் கட்டி, ஆட்சியிலிருந்த ஜனாதிபதியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். வடக்கிலும் கிழக்கிலும் இந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் ஒரு சர்வதேச ஆட்டமும் நடக்கவில்லை. போர் காரணம் என்பார்கள். 2009இல் போர் முடிந்ததே! 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி இருந்தது, அது கிண்ணங்களையும் வென்றது. ஆனால் யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. கிழக்கின் பெயரில் அணியே இல்லை. அந்த யாழ்ப்பாண அணியின் வழியாக மத்திய கல்லூரி மாணவன் வியாஸ்காந்த் மேலே வந்தான், 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினான். ஒரு சிறிய வாசலைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவனே சாட்சி. எங்கள் பையன்களுக்கு அந்த வாசல் எங்கே?

மட்டக்களப்பு நகரத்தில் இருக்கும் விளையாட்டரங்குக்கு வெபர் அரங்கு என்று பெயர். நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி ஹரோல்ட் வெபர் அடிகளின் பெயர் அது. எங்கள் பிள்ளைகளுக்கு ஓடவும் தாண்டவும் கற்றுக் கொடுத்தவர் கடல் கடந்து வந்த ஒரு பாதிரியார். கை தட்டலை மட்டும் வரியைப் போல அறவிடும் தலைநகரம் அதற்கு ஈடாக எங்களுக்கு என்ன தந்தது?

ஆனால் இத்துடன் நிறுத்திக்கொண்டால் என் பேனாவுக்கு வெட்கம். இதுவரை நான் எழுதியதைப் படித்துத் தலையாட்டிய மட்டக்களப்புத் தமிழ் வாசகரே, இப்போது உங்களிடம்தான் வருகிறேன்.

பாகிஸ்தான் ஆடும் நாட்களில் காத்தான்குடியையும் ஏறாவூரையும் ஓட்டமாவடியையும் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? “அவர்கள் பாகிஸ்தான் பக்கம்தான், பிறகென்ன” என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? கேட்ட எவரும் அதை மறுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. டெபிற் இலண்டனில் சொன்னதையும் கொழும்பு எங்களிடம் கேட்பதையும் நாங்கள் எழுவான்கரைச் சாலையில் நின்று அடுத்த ஊரிடம் கேட்கிறோம். வசிம் அக்ரமின் பந்துவீச்சைப் பார்த்து மயங்காத ஒரு கிரிக்கெட் ரசிகன் இருக்க முடியுமா? நான் மயங்கியவன். என்னை எவரும் சந்தேகிக்கவில்லை. அதே மயக்கம் ஒரு முஸ்லிம் இளைஞனுக்கு வந்தால் அது மதம், அது அரசியல், அது அந்நிய விசுவாசம்!

இந்தச் சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. 2014 மார்ச்சில் ஆசியக் கிண்ண ஆட்டமொன்றில் பாகிஸ்தானுக்குக் கை தட்டினார்கள் என்று இந்தியாவின் மீரட் நகரில் அறுபதுக்கும் மேற்பட்ட காஷ்மீர் மாணவர்களைப் பல்கலைக்கழகம் வெளியே அனுப்பியது. பொலிசார் தேசத்துரோக வழக்கே பதிந்தார்கள், கண்டனம் எழுந்த பிறகு அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். கை தட்டியதற்குத் தேசத்துரோகம்! அந்தச் செய்தியைப் பக்கம் அமைக்கும்போது எனக்கு அது வெளிநாட்டுச் செய்தியாகவே படவில்லை.

இதே நாட்டின் இன்னொரு நகரம் செய்ததையும் சொல்ல வேண்டும். 1999 ஜனவரி 31ஆந் திகதி சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களால் பாகிஸ்தானிடம் தோற்றது. வென்ற அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கார்கில் போருக்குச் சில மாதங்களுக்கு முன்னர் நடந்தது இது. தமிழ் ரசிகனின் பெருமை என்று ஒன்று உண்டென்றால் எனக்குத் தெரிந்து அது அன்றைய கை தட்டல்தான். அந்தச் சென்னையைப் பாராட்டிவிட்டு, காத்தான்குடிப் பையனை நாம் விசாரிக்க முடியாது.

எங்கள் வாவிக்கரையில் பக்கம் கேட்பது சாதாரண விஷயம் அல்ல என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூறுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் படையினரால் கொல்லப்பட்டனர். ஐந்து வார இடைவெளி. இவ்விரண்டுக்கும் நடுவே, ஆகஸ்ட் 15ஆந் திகதி, இயூஜின் ஹெபர்ட் அடிகள் காணாமற்போனார். இவரும் அமெரிக்க இயேசு சபைத் துறவிதான். புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்றுநர். அவர் பழக்கிய அணிகள் நாடளாவிய வெற்றிகளைப் பெற்றன. வாழைச்சேனையில் அகப்பட்டிருந்தவர்களுக்கு உதவி செய்யப் போனவர், திரும்பும் வழியில், கூடச் சென்ற தமிழ் இளைஞர் ஒருவருடன் மறைந்து போனார். இன்றுவரை தகவல் இல்லை. அந்தச் சாலையில் அந்த நாட்களில் ஆளை மறித்தவர்கள் முதலில் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான்: நீ எந்தப் பக்கம்? பந்தைக் கூடைக்குள் போடக் கற்றுக் கொடுத்த மனிதரிடம் அதற்கு என்ன பதில் இருந்திருக்கும்?

2011 இறுதியாட்டம் எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மகேல ஆட்டமிழக்காமல் 103. இலங்கை 6 விக்கெட்டுக்கு 274. மாலிங்க முதல் ஓவரிலேயே சேவாக்கையும், பின்னர் 18 ஓட்டங்களில் டெண்டுல்கரையும் வீழ்த்தினார். அதன்பின் கம்பீர் 97, தோனி ஆட்டமிழக்காமல் 91, குலசேகரவின் பந்தில் அந்த ஆறு ஓட்டம். முரளிதரன் 8 ஓவர்கள் வீசி விக்கெட் இன்றி விடைபெற்றார். தேநீர்க் கடைகளில் பாதிப் பேர் வெடி கொளுத்தினார்கள், பாதிப் பேர் பேசாமல் எழுந்து போனார்கள். புரியாணிக் கடன் மறுநாள் தீர்க்கப்பட்டது. மின்னஞ்சல்கள் மட்டும் ஒரு மாதம் வரை வந்துகொண்டிருந்தன.

பின்னால் வந்த இறுதியாட்டங்களுக்கும் இதே கதைதான். 2014இல் டாக்காவில் இந்தியாவை வென்றபோதும் கேட்டார்கள். 2023 செப்டெம்பரில் கொழும்பில் சிராஜின் பந்துவீச்சில் இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டபோதும் “மட்டக்களப்பில் சந்தோஷமா?” என்று கேட்டார்கள். சந்தோஷமுமில்லை, துக்கமுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பாழாயிற்றே என்ற எரிச்சல்தான்.

2022 செப்டெம்பர் 11ஆந் திகதி மட்டும் வேறு மாதிரி இருந்தது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மின்வெட்டு என்று நாடே நொந்து கிடந்த ஆண்டு. அன்று டுபாயில் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் இலங்கை வென்றது. ஏறாவூரில் பாகிஸ்தானுக்குப் பந்தயம் கட்டித் தோற்ற கடைக்காரர் ஒருவர் வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகப் பிளேன்ரீ ஊற்றினார் என்று கேள்விப்பட்டேன். அதே நாளில் சிங்கப்பூரில் இன்னோர் இறுதியாட்டமும் நடந்தது. ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம். சிங்கப்பூரை 63க்கு 53 என்ற கணக்கில் வென்று இலங்கைப் பெண்கள் சம்பியன் ஆனார்கள். அந்த அணியின் கோல் வளையத்தின் கீழே நின்றவர் யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். 2009இலும் 2018இலும் இதே கிண்ணத்தை வென்ற அணிகளில் ஆடியவர். ஆறடி பத்து அங்குல உயரம்.

அவருக்குக் கை தட்டுவது எந்தப் பக்கம் என்று அன்று எவரும் எனக்கு மின்னஞ்சல் அனுப்பவில்லை. கொழும்பிலிருந்தும் இல்லை, ரொறன்ரோவிலிருந்தும் இல்லை. அப்படி ஓர் இறுதியாட்டம் நடப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.